ஆயுள் சந்தா ஆயிரம் ரூபாய்: எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கம் தேறுமா?

திருப்பாதிரிப்புலியூரில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். படித்தது பி.ஏ. வரலாறு, கடலூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சங்கச் செயலாளர் நாளைக் காலையிலேயே கடை வாசலில் வண்டியை நிறுத்திவிடுவார். பயோடேட்டா அடிக்க, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போட என்று கடைக்கு வரும் பிள்ளைகளில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. டி.சி. வாங்கப் போகும்போதே சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தை நீட்டிவிடுகிறார்களாம். "அண்ணே, ஆயுள் சந்தா ஆயிரம் ரூபா கேக்கறாங்க, கட்டலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இனி இதைப் படித்துக்கொள்ளட்டும்.

ஆயிரத்துக்குக் கிடைப்பது: லேமினேஷன் போட்ட ஒரு அட்டை, மூன்று மாதத்துக்கு ஒரு செய்திமடல், குடியரசு தினத்தன்று நடக்கும் ஆண்டுக் கூடல், அவ்வப்போது வரலாறு, தமிழ்த் துறைக்காரர்கள் அழைத்துப் போகும் ஊர்ப்பயணம். வாட்ஸ்அப் குழுவும் உண்டு. காலை வணக்கம் படங்களுக்குப் பஞ்சமில்லை, அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. அட்டையையும் விடுங்கள், கல்லூரி வாசல் காவலாளிகூட அதை வாங்கிப் பார்ப்பதில்லை.

செய்திமடலைத் தொழில்காரன் கண்ணோடுதான் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலட்டை 170 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர், மல்டிகலர். உள்ளே பன்னிரண்டு பக்கம், மெல்லிய மேப்லித்தோ, கறுப்பு வெள்ளை. நடுவில் இரண்டு பின். பன்னிரண்டு பக்கத்துக்கு இந்த அட்டை அதிகம். அந்தக் காசுக்கு உள்ளே இன்னும் நாலு பக்கம் சேர்த்திருக்கலாம். எழுத்து விஷயம் அதைவிட மோசம். யாரோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்க்காமல் பக்கம் கட்டிவிடுகிறார்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் பிரிந்து கிடக்கின்றன. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வரிசையாகப் படித்த கல்லூரி! ஒருவர் உட்கார்ந்து ஒரு மாலை நேரம் மெய்ப்புப் பார்த்தால் தீர்ந்துபோகும் வேலை.

முதல் ஐந்து பக்கமும் பொன்னாடை. யார் யாருக்குப் போர்த்தினார், அதை யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது வரைக்கும் படத்தோடு இருக்கும். புரட்டிவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்துக்காகத்தான் இந்த மடலை நான் குப்பையில் போடுவதில்லை.

அங்கே பழைய மாணவர்களின் செய்தி வரும். ஆளுக்கு இரண்டு வரி, மூன்று வரி, அவ்வளவுதான். 1988 தமிழ் இலக்கிய அணி, பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர், மகளுக்குக் கல்யாணம். 1996 பொருளியல், சார்பதிவாளராகப் பதவி உயர்வு. 2004 ஆங்கில இலக்கியம், நெய்வேலியில் பள்ளி ஆசிரியை, மாணவர்களை வைத்து நாடகம் போட்டிருக்கிறார். 2019 வரலாறு, குரூப் 4 தேறி குறிஞ்சிப்பாடிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலர். பரங்கிப்பேட்டையில் படகு வைத்திருக்கும் ஒருவர் கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறார், பிரதி வேண்டுவோர் நேரில் வரவும்.

இன்ஜினியரிங் கல்லூரி என்றால் வேலை கிடைத்தவன் முகம் பைபாஸ் ஓரம் பேனரில் இருக்கும், மாதச் சம்பளத்தோடு. பி.ஏ. படித்தவன் முகம் எந்த பேனரிலும் வராது. "அது படிச்சு என்ன ஆகப்போற?" என்று அப்பா கேட்ட கேள்விக்கு எங்களில் பலருக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அந்த ஒன்பதாம் பக்கத்தை நாலைந்து இதழ் சேர்த்துப் படித்துப் பாருங்கள், பதில் அங்கே கிடக்கிறது. வக்கீல், ரேஷன் கடை விற்பனையாளர், தலைமைக் காவலர், பதிப்பாளர், மண்டிக்காரர், டி.டி.பி. சென்டர்காரன். மறைவுச் செய்தியும் அதே பக்கத்தில்தான். பெயர், துறை, ஆண்டு, ஊர், பிறகு ஒரே ஒரு வரி: "விடுதி மெஸ் செயலாளராக இருந்தவர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை." பொன்னாடைக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியவர்களுக்கு இந்த மாதிரி வரி எழுத வராது. எழுதுகிறவர் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. சாயங்காலம் உட்கார்ந்து பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு, "என்னப்பா பண்ற, பிள்ளைங்க என்ன படிக்குது?" என்று விசாரித்தே இத்தனையும் சேர்க்கிறார். சம்பளம் கிடையாது. போன் காசும் அவருடையது என்று கேள்வி.

மடலில் இன்னொரு நல்ல காரியம் சான்றிதழ் பற்றிய குறிப்பு. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இது பெரிய தலைவலி. என் காலத்துப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த பிறகு படித்தவர்களுக்கு அந்தப் பெயர். 2021க்குப் பிறகு கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்த மூன்று தலைமுறைக்கு மூன்று பல்கலைக்கழகம். மதிப்பெண் பட்டியல் தொலைந்தாலோ, உண்மைத்தன்மைச் சான்று கேட்டாலோ, எங்கே போவது? நான் படித்த ஆண்டு என்றால் சேப்பாக்கம், எனக்குப் பின்னால் வந்தவன் வேலூர்ப் பக்கம் சேர்க்காடு, இப்போது முடித்தவன் சிதம்பரம் போனால் போதும். இது தெரியாமல் சிதம்பரத்துக்குப் போய்த் திரும்பி வந்த நாற்பது வயதுக்காரர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். எந்த ஆண்டு முடித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும் என்று அரைப் பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆண்டுக் கூடலுக்கு வருவோம். மண்டபம் பிடிக்கிறார்கள், மைக் செட், வாழையிலைச் சாப்பாடு. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன், வத்தக்குழம்பு மட்டும் தனியாக ஒரு பாராட்டுக்கு உரியது. மற்றபடி பத்து மணி என்று போட்டிருந்தால் சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவார். அவரும் எங்கள் கல்லூரியில் படித்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் பேசி, நன்கொடையாளர் பேசி, நன்கொடையாளரைப் பற்றி இன்னொருவர் பேசி முடிக்கும்போது இலை போட்டுவிடுவார்கள். பழைய சிநேகிதனோடு பேச நேரம் கிடைப்பது கை கழுவும் இடத்தில்தான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிற ஆண்டென்றால் கூட்டமும் கேமராவும் இரட்டிப்பாகும். அவர்களுடைய மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோலில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென்று தனி இடம் உண்டு, மதிப்பெண்ணும் உண்டு. திடீரென்று நம்மேல் பாசம் பொங்கினால் காரணம் அதுதான்.

பெண்கள் மிகக் குறைவு. வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருந்தார்கள். கல்யாணமாகி ஊர் மாறி, இனிஷியல் மாறி, சங்கப் பதிவேட்டில் இன்னும் அப்பா வீட்டு முகவரியிலேயே இருக்கிறார்கள். போதாததற்கு, பழைய பதிவேடு 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை போன அறையில் கிடந்து நனைந்துவிட்டது. எஞ்சியதை வைத்துத்தான் அழைப்பிதழ் போகிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி விழுப்புரத்தில் இருக்கிறாள். "எனக்கு ஒரு அழைப்பும் வந்ததில்லையே, கல்லூரியே என்னை மறந்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள். இதைச் செயலாளரிடம் சொன்னேன். "அடுத்த முறை பார்க்கலாங்க" என்றார். அடுத்த முறையும் அவளுக்கு வரவில்லை. கூடலுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போடுவேன். அதில் ஒன்று வத்தக்குழம்புக்கு.

ஊர்ப்பயணம்தான் இந்தச் சங்கத்தின் உருப்படியான காரியம். மடலின் கடைசிப் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு வரி அறிவிப்பு வரும். தேடித்தான் படிக்க வேண்டும். கடைசியாகப் போனது அரிக்கமேடு, ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊர். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறி, அரியாங்குப்பத்தில் இறங்கி, காக்காயந்தோப்புக்கு ஆட்டோ. செலவைப் பங்கு போட்டுக்கொண்டோம். எங்களுக்குப் பாடம் எடுத்த வரலாற்றுப் பேராசிரியர், ஓய்வுபெற்று ரொம்ப காலம் ஆகிவிட்டது, ஒரு குடையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

போய்ப் பார்த்தால் தோப்பு, ஆறு, இடிந்த ஒரு பாதிரிமார் காலத்துக் கட்டடம். புதிதாக முடித்த பெண் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: "சார், இங்க பாக்க ஒண்ணுமே இல்லையே?"

"தோண்டினதையெல்லாம் மூடிட்டாங்கம்மா. கிடைச்சதைப் பாக்கணும்னா புதுச்சேரி மியூசியத்துக்குப் போகணும். இங்க நின்னுதான் கதை கேக்கணும்."

கதையை ஆற்றங்கரையில் நின்றே சொன்னார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769இல் புதுச்சேரியில் காத்திருந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், அந்த நேரம் பார்த்து மேகம் மூடி ஏமாந்துபோனார். அவர்தான் இந்தக் கரையில் தெரிந்த பழைய செங்கல் சுவர்களைப் பற்றியும் எழுதி வைத்தார். பிறகு 1930களில், ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளைப் பார்த்து ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இடத்தின் அருமையைப் புரிந்துகொண்டார். 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் தோண்டினார், 1947 முதல் பிரெஞ்சுக்காரர் கசால். ரோமானிய மதுச்சாடிகள், அரெட்டைன் என்ற இத்தாலிய மட்பாண்டம் எல்லாம் கிடைத்தது. வீலர் இதை ரோம வணிகத்தால் உருவான நிலையமாகப் பார்த்தார். 1989க்குப் பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி தோண்டி, ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். "அவன் வந்ததால நாம ஆனோம்னு எழுதினதை நம்ம பொண்ணு ஒருத்தி திருத்தினா" என்று சொல்லும்போது சாருக்குக் குரல் கொஞ்சம் ஏறியது. எங்கள் பாடப்புத்தகத்தில் இது அரைப் பத்தி. அந்த அரைப் பத்தியை அன்றைக்குத் தேர்வுக்கு நெட்டுரு போட்டவர்கள் எல்லாம் நடுவயதில் ஆற்றோரம் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ரேஷன் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு சாரே யோசித்துத்தான் பதில் சொன்னார்: அந்தச் சாடியில் வந்தது மது என்று எப்படித் தெரியும்? உள்சுவரில் ஒட்டியிருக்கும் படிவைச் சோதித்துப் பார்ப்பார்கள், சில சாடியில் ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்பும் வந்திருக்கிறது என்றார். "மீனை நம்மகிட்ட வாங்கியிருக்கலாமே" என்றார் பரங்கிப்பேட்டைக்காரர்.

மூன்று மாதம் கழித்து வந்த மடலில் இந்தப் பயணத்துக்கு ஒரு சின்னப் படம், ஒரு வரி. பக்கத்திலேயே ஆண்டுக் கூடலுக்கு நாலு பக்கம். இதுதான் எனக்கு ஆறாத கோபம். நன்றாகச் செய்வதை ஒளித்து வைக்கிறார்கள்.

கட்டலாமா என்றால், கலைப் பிரிவில் படித்தவர்கள் கட்டுங்கள். ஒன்பதாம் பக்கத்துக்கும் பயணத்துக்கும் ஆயிரம் தகும். வேலை வாங்கித் தருவார்கள் என்று நினைத்துக் கட்டாதீர்கள், அப்படி ஒன்றும் இங்கே நடப்பதில்லை. சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது, ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். கூடலன்று சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கேளுங்கள், சாப்பாட்டுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பணத்தை ஜி பே-யில் தனி ஆள் எண்ணுக்குப் போடாமல் சங்கக் கணக்கிலேயே கட்டி, எண் போட்ட ரசீது வாங்குங்கள். பெண் பிள்ளைகள் இப்போது இருக்கும் முகவரியோடு மாறாத ஒரு போன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தில் கொடுக்க வேண்டாம். அந்த ஒன்பதாம் பக்கத்து அம்மாவிடம் கொடுங்கள், அவர் நோட்டில் ஏறினால்தான் அழைப்பு வரும்.