பூ இரண்டு வாரம், இலை எட்டு மாதம்: அலங்கார பிளம் மரங்களில் எதை நடலாம்?

அலங்கார பிளம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பூத்த படத்தைப் பார்த்து மயங்கித்தான் போகிறார்கள். இலையே தெரியாமல் கிளை முழுக்க இளஞ்சிவப்பு. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தக் கோலம் இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. நடுவில் ஒரு பலத்த மழை வந்தால் அதுவும் தரையில் கிடக்கும். அப்புறம் நாம் தினமும் பார்க்கப்போவது இலையைத்தான். அதனால் பூவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த வகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. இந்த மரங்கள் எல்லாமே குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழுபவை. அந்தத் தூக்கத்துக்குப் போதுமான குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு சரியாகக் கட்டவிழாது. வருடம் முழுக்கப் புழுங்கும் சமவெளியில் கன்று பிழைத்தாலும் படத்தில் பார்த்த பூவை எதிர்பார்க்க முடியாது. ஊரில் உண்மையான குளிர்காலம் உண்டு என்றால் மேலே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது ஊதா இலை பிளம், அதிலும் பிஸ்ஸார்டி. பாரசீக ஷாவிடம் தோட்டக்காரராக இருந்த பிஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர் 1880 வாக்கில் பிரான்சுக்கு அனுப்பிவைத்த மரம் இது, பெயரும் அவருடையதே. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் ஏறக்குறைய வெள்ளை. தளிர் செக்கச்செவேலென்று வந்து, வெயில் ஏற ஏறக் கருஞ்சிவப்பாக மாறும். தண்டர்கிளவுட், நைக்ரா ஆகியவை இதன் உறவுகள். நைக்ராவின் பூ இன்னும் அழுத்தமான இளஞ்சிவப்பு. தண்டர்கிளவுட் இலையின் கருமையைக் கடைசி வரை விடாது. எல்லாமே 20 அடியைத் தாண்டக்கூடியவை.

குறை எங்கே என்றால், அந்தக் கருமையிலேயேதான். சிறிய தோட்டத்தில், இருண்ட சுவரையோ அடர்ந்த மரங்களையோ ஒட்டி நட்டால் கோடை முழுக்க அங்கே ஒரு பெரிய நிழல் நிற்பது போலத்தான் தெரியும். பின்னால் வெளிர் நிறச் சுவரோ திறந்த வானமோ இருந்தால் அதே மரம் கண்ணைப் பறிக்கும். நிழலில் நட்டால் வேறு ஏமாற்றம்: இலையின் ஊதா வெளுத்துப் பச்சை தட்டிவிடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அப்புறம் பழம். அலங்கார மரம்தானே, காய்க்காது என்று நினைத்து நடைபாதை ஓரத்தில் வைப்பவர்கள் உண்டு. நல்ல வருடத்தில் சின்னச் சின்ன பிளம் பழங்கள் கொட்டி, மிதிபட்டு, கல்லெல்லாம் கறையாகும். பழத்தைத் தின்னலாம், கொட்டைக்குள் இருக்கும் பருப்பை மட்டும் தின்னக்கூடாது, அதில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது.

இதற்கு நேர் போட்டி என்று நான் வைப்பது பிளிரியானாவை. பிஸ்ஸார்டிக்கும் மூமே என்ற கிழக்காசிய பிளமுக்கும் பிறந்த கலப்பு. பிரான்சிலுள்ள பிளேரே என்ற ஊரின் பெயரைச் சுமக்கிறது. அப்பன் வழியில் செம்பு நிறத் தளிர், அம்மா வழியில் வாசனை என்று வைத்துக்கொள்ளலாம் (யார் அப்பன், யார் அம்மா என்று என்னைக் கேட்காதீர்கள்). பூ அடுக்கிதழ், நல்ல ரோஜா நிறம். பழம் அநேகமாக இல்லை. உயரமும் 15 அடி அளவில் அடங்கிவிடும். கோடையில் இலை பச்சை கலந்த வெண்கல நிறத்துக்கு வந்துவிடுகிறதே என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கூட நிற்கும் செடிகளோடு ஒட்டிப்போகும். இடம் குறைவு, ஒரே ஒரு மரம்தான் நட முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே.

வாசனைதான் முக்கியம் என்றால் மூமேயை மிஞ்ச ஆளில்லை. தாவரவியல்படி இது பிளமைவிட ஆப்ரிகாட்டுக்கு நெருக்கம். மற்றவை வசந்தத்துக்குக் காத்திருக்கும்போது இது குளிர்காலக் கடைசியிலேயே, சில சமயம் பனிக்கு நடுவிலேயே, பூத்துவிடும். தைவான் 1964இல் இதைத் தேசிய மலராக எடுத்துக்கொண்டது. ஆனால் பூ முடிந்த பிறகு சாதாரணப் பச்சை மரம், உள்ளே குச்சி குச்சியாக அடைத்துக்கொண்டு வளரும், கவாத்துக்குச் சோம்பல் படக்கூடாது. மிகக் கடுமையான குளிரும் ஆகாது. குளிர்காலத்தில் அடிக்கடி நடந்து போகும் வழியில் வைத்தால்தான் அந்த வாசனை வீணாகாது.

மரம் வேண்டாம், புதர் போதும் என்பவர்களுக்கு இரண்டு உண்டு. சிஸ்டெனா ஊதா இலையோடு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளரும், வேலியாகவும் வைக்கலாம். மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும், ஆனால் ஆயுள் குறைவு. டிரைலோபா குட்டி ரோஜாக்களை ஒட்டவைத்தது போலப் பூக்கும். பிறகு கவனிக்கவே தோன்றாத பச்சைப் புதர். பூத்த கையோடு அந்தக் கிளைகளை ஒட்ட வெட்டிவிட வேண்டும், அடுத்த வருடப் பூ புதுக்கிளையில்தான் வரும். ஈரமான வசந்தத்தில் பூஞ்சை தாக்கிப் பூவும் நுனியும் கருகும். அதற்காகவே நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

நோய் விஷயத்தில் எல்லாம் ஒரே குடும்பம்தான். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். அசுவினி வரும், தண்டுத்துளைப்பான் வரும், பட்டை வெடித்துப் பிசின் வடியும். ஊதா இலை மரங்கள் இருபது வருடத்தில் தளர்ந்துபோவது சகஜம். பெரிய கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டாதீர்கள். வெள்ளி இலை நோயின் பூஞ்சை ஈரமான குளிர் நாட்களில் வெட்டுக்காயம் வழியே நுழையும். கோடையில், மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டுவதே நல்லது.

இன்னொன்று: விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழிருந்து பச்சை இலையோடு வாட்டசாட்டமாக ஒரு போத்து கிளம்பினால், அட, என்ன செழிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரம் இல்லை, ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு செடி, அதாவது வேர்ச்செடி. விட்டால் சில வருடங்களில் மேலே உள்ளதை அமுக்கிவிடும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலேயே பிய்த்து எடுத்துவிடுங்கள்.