மாட்டுச்சாளைக்கு இடிதாங்கி: கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்து அனுபவம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தோட்டத்து மாட்டுச்சாளைக்கு 2019-ல் இடிதாங்கி போட்டோம். அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மேலே என்ன கம்பி, எவ்வளவு உயரம் என்றுதான் கேட்கிறார்கள், கீழே, இடி மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எர்த் தடை, அதாவது மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்கு இருக்கிற எதிர்ப்பு, 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது சரளை மண், மழை பெய்து ஓய்ந்ததும் அளந்தால் அருமையாகக் காட்டும். பங்குனியில் அளந்து பாருங்கள், அப்போதுதான் வண்டவாளம் தெரியும், சித்திரையில்தானே கோடை இடி வருகிறது! எங்களுக்கும் தடை ஏறிப்போனதால் இன்னொரு 3 மீட்டர் ராடை, பழையதிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இறக்கி, இரண்டையும் இணைத்தோம். எர்த் குழியில் உப்பு போட வேண்டாம், கரைந்து ஓடிவிடும், இருக்கிற வரைக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அரிக்கும். அதற்குப் பதிலாகப் போடும் பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

மாட்டின் மேலேயே இடி விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தென்னையில் விழுந்து மின்சாரம் தரையில் பரவினாலே முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும், அது நெஞ்சு வழியாகத்தான் பாயும். அதனால் தளத்துக்குள் கம்பிவலை, கட்டுத்தறிப் பைப், தண்ணீர்த் தொட்டிக் குழாய், கூரைத் தகடு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்திருக்கிறோம். “கரண்டு எர்த்தும் இடி எர்த்தும் தனித்தனியா இருக்கட்டுங்க” என்று எலக்ட்ரீஷியன் அடம்பிடித்தார். தனியாக விட்டால் இடி இறங்கும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் நிற்கும், சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

அப்புறம், இடிதாங்கி மோட்டார் ஸ்டார்ட்டரைக் காப்பாற்றாது. எங்கோ விழுந்த இடி லைன் வழியாக வரும். அதற்கு எஸ்பிடி (லைனில் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) தனியாக வேண்டும், அதன் சின்ன ஜன்னல் சிவப்பாக மாறினால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட வேண்டும். எங்களுக்கு மாறியது, மாற்றினோம், மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நூறு மீட்டர் வட்டத்தைக் காக்கும் என்று, இடிதாங்கியின் உச்சியில் மாட்டும் ஒரு முனையை விற்க வந்தார்கள். இடி பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரத்தில் அந்தக் கூடுதல் தூரத்துக்குக் கணக்கே கிடையாது, திருப்பி அனுப்பிவிட்டோம்.

பராமரிப்பில் தொல்லை தரையோரத்து கிளாம்ப்தான். கோமியம் பட்டுப் பட்டு அரித்துவிடுகிறது, செம்பும் ஜிஐயும் நேராகத் தொடுகிற இடம் இன்னும் மோசம், நடுவில் இரண்டு உலோகத்தையும் சேர்ப்பதற்கென்றே இருக்கும் பைமெட்டல் கிளாம்ப் போடுங்கள்.

பன்றிக்குப் போட்ட கரண்டு வேலியின் எர்த்தை மட்டும் ஒன்றாக இணைத்த இந்த எர்த்தோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனி ராடு, மற்ற எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி.