அம்மாவின் காய்ச்சலும் பச்சை மூடி ட்யூபும்

மூன்று வாரம் தென்காசியில் இருந்துவிட்டு மெல்பர்ன் திரும்பியிருக்கிறேன். வங்கி, பத்திரப் பதிவு எல்லாம் இந்த முறை அலையாமல் முடிந்தன. எழுத வேண்டியது ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான்.

போய்ச் சேர்ந்த நாலாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். மறுநாள் டாக்டர் டெங்குவா என்று பார்க்க என்.எஸ்.1 கார்டு டெஸ்ட் எடுத்தார். டெங்கு வைரஸின் ஒரு புரதத்தைத் தேடும் டெஸ்ட் அது. நெகட்டிவ். ஆனால் அம்மாவுக்கு 2017-லேயே ஒரு முறை டெங்கு வந்திருக்கிறது. இரண்டாம் முறை வரும்போது அந்த கார்டு சில சமயம் காட்டாமல் விட்டுவிடும். இரண்டாம் முறையில்தான் ஆபத்தும் கூடுதல். "வைரஸையே நேரா தேடுற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் பார்த்துரலாம். முதல் அஞ்சு நாளுக்குள்ள எடுத்தாத்தான் வைரஸ் ரத்தத்துல நல்லாக் கிடைக்கும்" என்றார்.

போன் செய்த ஒரு மணி நேரத்தில் தனியார் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பையன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தான், அம்மா முகம் சுளிக்கவில்லை. பச்சை மூடி போட்ட ட்யூபில் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அவ்வளவு திருப்தி. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 'இன்டர்னல் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை, மறுபடி மாதிரி அனுப்பவும்' என்று ஒரே வரி. அன்று காய்ச்சலுக்கு நாலாம் நாள்.

பெரியப்பாவின் பேத்தி திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். அவளைக் கூப்பிட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "ட்யூப் மூடி என்ன கலர் சித்தப்பா?"

பச்சை என்றேன்.

"அது ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின். பிசிஆரை நடக்கவே விடாது. ஊதா மூடி ட்யூப்ல எடுத்து, ஐஸ் பெட்டியில வெச்சு இன்னைக்கே கொண்டு வந்துருங்க."

கொண்டு போனேன். உள்ளே விடமாட்டார்கள், அதுதான் சரி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வேலை முடிந்து வந்தவள் டீக்கடையில் வைத்து ஒவ்வொன்றாக விளக்கினாள். ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவில் 140 மைக்ரோலிட்டர் எடுக்கிறார்கள். இரண்டு மூன்று சொட்டுதான். அதைப்போல நாலு மடங்கு, 560 மைக்ரோலிட்டர் லைசிஸ் கரைசலில் கலந்து பத்து நிமிடம் வைக்கிறார்கள். அதிலுள்ள குவானிடின் உப்பு வைரஸின் உறையை உடைக்கும், அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ-வைத் தின்னும் நொதிகளையும் செயலிழக்கச் செய்யும். அந்த நொதிகள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. கையுறையை அவள் அத்தனை முறை மாற்றியது அதனால்தான்.

அப்புறம் எத்தனால் சேர்த்து, சுண்டுவிரல் அளவு குழாய்க்குள் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு வில்லை. அது சிலிக்கா. தாமிரபரணி மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். உப்பும் எத்தனாலும் சேர்ந்திருக்கும்போது ஆர்.என்.ஏ அதில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கீழே இறங்கிவிடும். இரண்டு முறை கழுவுகிறார்கள். இரண்டாவது கழுவலில் வேகத்தைக் கூட்டி மூன்று நிமிடம் சுழற்றுகிறார்கள், ஏனென்றால் எத்தனால் கொஞ்சம் தங்கினாலும் பிசிஆர் கெட்டுவிடும். கடைசியில் 60 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு ஆர்.என்.ஏ-வைப் பிரித்து எடுக்கிறார்கள். கண்ணுக்கு அது வெறும் தண்ணீர். மணலும் குவானிடினும் சேர்ந்த இந்த வழியை நெதர்லாந்தில் பூம் என்பவரின் குழு 1990-ல் வெளியிட்டது. கொரோனா காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை இதே வழியிலோ இதன் காந்தத் துகள் வடிவத்திலோதான் போயிருக்கும்.

மாதிரியோடு சேர்த்து இன்னொரு ஆர்.என்.ஏ-வையும் தெரிந்தே போடுகிறார்கள். அதுதான் இன்டர்னல் கன்ட்ரோல். கடைசியில் அது தெரியவில்லையென்றால் வழியில் எங்கோ தவறு, அந்த ரிசல்ட்டை நம்பக்கூடாது. முதல் ஆய்வகத்தின் மேல் எனக்கிருந்த கோபம் இங்கே பாதி இறங்கியது. தவறான ட்யூபை வாங்கியது அவர்கள் பிழைதான். ஆனால் அதை நெகட்டிவ் என்று எழுதி அனுப்பிவிடவில்லையே!

மறுநாள் காலை ரிசல்ட்: டெங்கு ஆர்.என்.ஏ இருக்கிறது. டாக்டர் இதற்காகக் காத்திருக்கவில்லை. தினமும் ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிளேட்லெட் பார்த்து, அம்மாவை நிறையத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் வந்ததும் இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்த வாரமே சுகாதாரப் பணியாளர்கள் தெருவுக்கு வந்து தொட்டி, டிரம், பழைய டயர் எல்லாம் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் கொசுப்புழு இருந்தது. நான் பார்த்ததே இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த கலெக்‌ஷன் சென்டருக்குப் போனேன். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பையன் தனியாக வந்து, "பச்சை மூடில என்ன சார் தப்பு?" என்று கேட்டான். அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நின்றபடியே சொன்னேன். ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொண்டான்: 'டெங்கு பிசிஆர் – ஊதா'.