ஹிட்ச்காக் 4கே பெட்டி: ஆளைத் தெரிந்தால்தான் பயம்

2020இல் வெளிவந்த 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் கிளாசிக்ஸ் கலெக்‌ஷன்' 4கே பெட்டியில் நான்கு படங்கள் இருக்கின்றன: ரியர் விண்டோ (1954), வெர்டிகோ (1958), சைக்கோ (1960), தி பேர்ட்ஸ் (1963). கல்லூரியில் ஆளுமை உளவியல் நடத்துகிறேன். ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை இந்தப் படங்கள் எந்த வழியில் காட்டுகின்றன, அதிலிருந்து சஸ்பென்ஸ் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் என் அக்கறை. அதைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பதிப்பு என் கைக்கு வந்ததில்லை. கதை முடிச்சுகளைத் தொட்டே எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடியில் குண்டு உதாரணம் எல்லோருக்கும் தெரியும். குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால் சில விநாடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டால் கால் மணி நேரம் தவிப்பு. சினிமா வகுப்புகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது பாதிப் பாடமாகத்தான் படுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் யார்? எழுந்து போகச் சங்கடப்படுகிறவரா, ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிக்காமல் நகராதவரா, சின்னச் சத்தத்துக்கும் குனிந்து பார்க்கிறவரா? அது தெரிந்த பிறகுதான் அந்தக் கால் மணி நேரம் நம்மை வதைக்கும்.

ரியர் விண்டோவின் தொடக்கத்தைப் பாருங்கள். வசனமே இல்லை. வியர்த்துத் தூங்கும் ஜெஃப் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்), மாவுக்கட்டுப் போட்ட கால். கேமரா நகர்கிறது: நொறுங்கிப்போன ஒரு கேமரா, ரேஸ் காரின் கழன்ற சக்கரம் நம்மை நோக்கிப் பறந்து வரும் புகைப்படம், தீ, வெடிப்பு என்று இன்னும் சில படங்கள், சட்டம் போட்டு வைத்த ஒரு பெண்ணின் நெகட்டிவ், பக்கத்தில் அதே முகம் அச்சான பத்திரிகைக் கட்டு. சக்கரம் பறந்து வரும்போதும் விலகாமல் படம் எடுத்த ஆள் இவன் என்பது ஒரே நகர்வில் புரிந்துவிடுகிறது. உளவியலாளர் மார்வின் சக்கர்மன் 1960களில் அளவுகோல் வைத்து அளக்கத் தொடங்கிய 'கிளர்ச்சி நாட்டம்' (ஆபத்து இருந்தாலும் புது அனுபவங்களைத் தேடிப் போவது) என்ற பண்புக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவனை நாற்காலியில் கட்டிப்போட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? படம் முழுக்க அதுதான் நடக்கிறது. அந்தப் புகைப்படங்களை 4கேயில் ஒவ்வொன்றாகப் படிக்க முடிகிறது. இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் மோசமாகச் சேதமடைந்து பிறகு மீட்டெடுக்கப்பட்டது. அதனால் சில ஷாட்டுகள் மங்கலாகத்தான் இருக்கின்றன. அது வட்டின் குற்றமில்லை.

வால்டர் மிஷெல் 1968இல் ஒரு கேள்வி எழுப்பி எங்கள் துறையையே உலுக்கினார்: ஒரே மனிதர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா நடந்துகொள்கிறார்? பிற்பாடு அவரும் யூச்சி ஷோடாவும் கோடை முகாம் சிறுவர்களைக் கவனித்துக் கண்டது, ஒருவருடைய ஆளுமை 'இப்படியானால் இப்படி' என்ற ஒழுங்கில் தெரிகிறது என்பது. பெரியவர்கள் கண்டித்தால் சீறுகிற பையன், கூட்டாளிகள் சீண்டினால் சும்மா இருப்பான், இன்னொருவன் நேர்மாறு. ஜெஃபின் காதலியாக வரும் கிரேஸ் கெல்லியின் லிசா இதற்கு அச்சு அசலான உதாரணம். பட்டுச் சட்டைக்காரி, தன் அலைச்சல் வாழ்க்கைக்கு ஒத்துவர மாட்டாள் என்று ஜெஃப் முடிவு கட்டி வைத்திருக்கிறான். அவளோ, கொலை செய்திருப்பான் என்று ஜெஃப் சந்தேகிக்கும் எதிர்வீட்டுக்காரனின் கதவடியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருகிறாள். அப்போது ஸ்டூவர்ட்டின் முகத்தில் ஓடுகிற பெருமையைப் பாருங்கள். அடுத்து அவள் பூப்போட்ட ஆடையோடு இரும்புப் படியேறி அந்த வீட்டு ஜன்னலுக்குள் குதிக்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு, அந்த ஒரு பார்வைதான் காரணம்.

பெட்டியின் உயிர் சைக்கோ. நாற்பதாயிரம் டாலரைத் திருடிய மேரியன் பாதிப் படத்துக்குள் செத்துப்போகிறாள். அதுவரை அவளோடு பயணம் செய்த நாம் அடுத்த பத்து நிமிடத்தில் விடுதிக்காரன் நார்மன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். எப்படி? அவன் குளியலறையைக் கழுவுவதால். வாளி, துடைப்பான், துண்டு என்று பேச்சே இல்லாமல் நீளும் அந்தக் காட்சியில் நார்மன் பொறுப்பான பிள்ளை. அம்மா செய்த பாதகத்தை வாயைத் திறக்காமல் துடைக்கிறவன். பொறுப்புணர்வு என்ற பண்பை யாரிடம் கண்டாலும் நமக்குப் பிடித்துவிடும். கார் சேற்றில் இறங்கும்போது நடுவில் ஒரு கணம் நின்றுவிடுகிறதே, அப்போது 'ஐயோ, மூழ்கித் தொலையேன்' என்று நம் மனசும் சொல்கிறது. நான் வகுப்பில் போட்டுக் காட்டும்போதெல்லாம் பெஞ்சில் சாய்ந்திருப்பவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

துப்பறிபவர் ஆர்பகாஸ்ட் விடுதிப் பதிவேட்டைக் காட்டும் இடத்தில் நார்மன் மிட்டாய் மென்றபடி முன்னால் சாய்கிறான். கேமரா கீழேயிருந்து பார்க்கிறது. திரை முழுக்க அவன் தொண்டை, ஏறி இறங்குகிறது. நார்மனாக நடித்த அந்தோணி பெர்கின்ஸின் பதற்றம் முகத்தில் சிரிப்பாகவும் தொண்டையில் உண்மையாகவும் ஒரே நேரத்தில் தெரிகிறது. பழைய டிவிடியில் கறுப்புத் திட்டாக இருந்த அந்த நிழலுக்குள் இப்போது தோலின் மடிப்புவரை பார்க்கலாம். 1960இல் திரையரங்கில் ஓடிய முழு வடிவமும் இதில் இருக்கிறது. கூடுதலாக வருபவை சில விநாடிகளே. ஆனால் இரத்தம் படிந்த தன் கைகளை நார்மன் பார்க்கும் நேரம் நீள்கிறது. அந்த நீளம் அவனை அறிய அவசியமானது.

கடைசியில் மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறாரே, அந்தக் காட்சி எனக்கு வருத்தம் தருவது. ஒன்றரை மணி நேரம் நடத்தை வழியாக நாம் அறிந்த மனிதனை ஒரு பெயர்ச்சீட்டுக்குள் அடைத்துவிடுகிறார். ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகளாகப் பிளவுண்டவர் என்றாலே கொலைகாரர் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்ற இப்படிப்பட்ட காட்சிகள் துணைபோயின. நிஜத்தில் அந்த நோயால் அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள். மாணவர்களுக்குப் படத்தைப் போடுகிற ஆசிரியர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வெர்டிகோ விஸ்டாவிஷன் என்ற பெரிய நெகட்டிவில் எடுத்தது. நான்கில் கண்ணுக்கு அதிகம் விருந்து வைப்பது இதுதான். நாயகன் ஸ்காட்டியின் உயரப் பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், படிக்கட்டு நீள்வது போன்ற அந்த ஷாட்டைப் பற்றியும். பயம் அவனுக்கு நேர்ந்தது. இறந்த காதலியை, அவள் சாயலில் இருக்கும் ஜூடி என்ற பெண்ணில் மறுபடி செய்து பார்க்கும் பிடிவாதம்தான் அவன் குணம். ஜூடி யார் என்ற ரகசியத்தைப் படம் முடிய வெகு நேரம் இருக்கும்போதே ஹிட்ச்காக் நமக்குச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு தலைமுடி நிறம், சாம்பல் நிற உடை என்று அவன் கேட்பதெல்லாம் நம் வயிற்றைப் பிசைகிறது, அவனை அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டதால்.

தி பேர்ட்ஸ் எனக்கு நான்கில் கடைசி. பறவைகள் கொத்த வந்தால் எந்தக் குணக்காரரும் ஓடத்தான் செய்வார். ஆனால் உணவக விவாதம் அபாரம்: ஒரே செய்தியைக் கேட்டுப் பறவை ஆய்வாளர் மறுக்கிறார், குடிகாரர் உலகம் அழியப்போகிறது என்கிறார், பிள்ளைகளோடு வந்த தாய் பீதியில் சத்தம் போடுகிறார். ஒட்டுவேலைக் காட்சிகளின் விளிம்புகளை 4கே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. கூடுதல் காணொளிகள் பெரும்பாலும் பழைய புளூ-ரேயில் வந்தவை. தி பேர்ட்ஸின் மாடியறைக் காட்சிக்காக நாள் கணக்கில் உயிருள்ள பறவைகளைத் தன்மேல் வீசியதாக அதன் நாயகி டிப்பி ஹெட்ரன் பின்னாளில் சொன்னதை ஒரு புதிய பதிப்பு நேர்மையாகப் பேசியிருக்க வேண்டும். தமிழ் சப்டைட்டில் கிடையாது. இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கையைக் கடிக்கும். 4கே வட்டுகளுக்கு நாட்டு எல்லை பூட்டு இல்லை. 4கே பிளேயர் வைத்திருந்தால் இங்கேயும் ஓடும்.

நடிப்பு, இயக்கம் படிக்கிறவர்களும் உளவியல் மாணவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒரு முறை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். வாங்குகிறவர்கள் ரியர் விண்டோவில் தொடங்குங்கள். சைக்கோவுக்கு வரும்போது 4கே வட்டில் முழு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள்.