ஸ்டோக்ஸேயா, ஐட்டம் மோட்டா?

அம்மா இங்கிலாந்து வந்திருந்தபோது கையில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. "பழைய காலத்து வீடு ஒன்று காட்டு, அரண்மனை எல்லாம் போதும்" என்றார். இடைக்கால மேனர் வீடு (அந்த ஊர் நிலக்கிழார் குடியிருந்த பெரிய வீடு) என்றால் என் மனதில் இரண்டுதான்: கென்ட்டில் இருக்கும் ஐட்டம் மோட், ஷ்ராப்ஷையரில் இருக்கும் ஸ்டோக்ஸே. கடைசியில் ஸ்டோக்ஸேக்குத்தான் கூட்டிப் போனேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அழகு என்று பார்த்தால் ஐட்டம் மோட்டுக்குத்தான் முதலிடம், அதில் சண்டையே இல்லை. சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி, நடுவில் முற்றம், அந்த முற்றத்தில் ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டிய மரவீடு (அதுவும் முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாம், நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்). லண்டனிலிருந்து பக்கம். ஆனால் ரயிலில் போனால் கடைசிச் சில மைலுக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும். ஸ்டோக்ஸே தூரம்தான், ஆனாலும் கிரேவன் ஆர்ம்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு மைல் நடை, அவ்வளவுதான்.

எனக்கு முடிவைச் சொன்ன விஷயம் வேறு: வீட்டை யார், எப்படிப் பராமரித்தார்கள் என்பது. ஐட்டம் மோட்டில் 1320களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் குடியிருந்தார்கள். குடியிருப்பவர் சும்மா இருப்பாரா? ஒருவர் 16ஆம் நூற்றாண்டில், டியூடர் அரசர்கள் காலத்தில் ஓவியக் கூரை போட்டார், 19ஆம் நூற்றாண்டில் இன்னொருவர் கூடத்துச் சுவருக்கு மரப்பலகை அடித்தார். 1985இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்த பிறகு, 1989இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2004 வரை இழுத்தது, செலவு சுமார் 1 கோடி பவுண்டு. அருமையாகச் செய்திருக்கிறார்கள்தான். ஆனால் உள்ளே நிற்கும்போது எந்த நூற்றாண்டில் நிற்கிறோம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

ஸ்டோக்ஸே கதை தலைகீழ். லாரன்ஸ் ஆஃப் லட்லோ என்ற கம்பளி வியாபாரி 1281இல் இடத்தை வாங்கிக் கட்டினார், 1291இல் மன்னர் முதலாம் எட்வர்டிடம் கோட்டை மதில் வைக்க அனுமதியும் வாங்கினார், 1294இல் கப்பல் கவிழ்ந்து இறந்துபோனார். பிற்காலத்தில் வீடு தானியம் கொட்டும் இடமாகவும் பீப்பாய் செய்யும் பட்டறையாகவும் ஆகிவிட்டது. யாரும் சீண்டாததால்தான் தப்பித்தது என்பேன். 1869இல் வாங்கிய ஆல்கிராஃப்ட் என்பவர் அதைச் செப்பனிட்டாரே தவிர அதில் குடியேறவில்லை, தனக்கென்று சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு மாளிகையே கட்டிக்கொண்டார்!

அதனால் கூடம் இன்றும் கூடமாகவே இருக்கிறது. தரை நடுவில் எண்கோண நெருப்புக்குழி, புகைபோக்கி கிடையாது, புகை நேராகக் கூரைக்குத்தான். ஜன்னல்களில் அந்தக் காலத்தில் மேல்பாதிக்குத்தான் கண்ணாடி, கீழ்பாதிக்கு மரக்கதவு. ஓரத்தில் மேலே ஏறும் படிகள் முழு மரத்துண்டைச் செதுக்கியவை. மாடியறைக்குப் போனால் சுவரில் சின்னத் துவாரங்கள், அதில் கண்ணை வைத்தால் கீழே கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, வீட்டுக்காரி வேலைக்காரர்களை இங்கிருந்தேதான் மேய்த்திருப்பாள்" என்றார்.

ஒரு குறை, அறைகள் ஏறக்குறைய காலி. நாற்காலி, மேஜை, விரிப்பு, படம் எல்லாம் பார்க்க ஆசைப்படுபவர்கள், கூடவே பிள்ளைகளோடு போகிறவர்கள், யோசிக்காமல் ஐட்டம் மோட்டுக்கே போகலாம். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, அதுவும் கோடையில் கூட்டத்தோடு கூட்டமாக அரை நாள். நிதானமாகச் சுற்றியிருந்தால் இன்னும் இரண்டு மார்க் சேர்த்துப் போட்டிருப்பேனோ என்னவோ. ஸ்டோக்ஸேக்கு இரண்டு முறை போயாயிற்று. குளிர் நாளில் போகிறவர்கள் கனமான ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், கூடத்தில் அந்த நெருப்புக்குழி இப்போது எரிவதில்லை.