தொழிற்கூடப் பாதுகாப்புத் தொகுப்பு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு பலகாரக் கூடத்தின் மதிப்பீடு

காரைக்குடிக்கு அருகே, பழைய நகரத்தார் வீடு ஒன்றில் பலகாரக் கூடம் நடத்தி வருகிறேன். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம் ஆகியவற்றைத் திருமண வீடுகளுக்கும் வெளியூர்க் கடைகளுக்கும் செய்து அனுப்புகிறோம். சுற்றுக் கிராமங்களிலிருந்து 16 பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கொரோனாத் தொற்றுக்காக 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் அடுப்பை அணைத்தோம். திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற வரம்பு வந்ததும் கையில் இருந்த முன்பதிவுகளும் போயின. அந்த ஆண்டு செப்டம்பரில், தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், எல்லோரையும் மீண்டும் வேலைக்கு அழைக்க முடிவு செய்தபோதுதான் இந்தத் தொகுப்பை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே போன்ற தொகுப்பை அப்போது பலரும் விற்றார்கள். உள்ளே இருந்த பொருள்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி ஒன்று, காலால் மிதித்தால் கிருமிநாசினி தரும் தாங்கி ஒன்று, வால்வு வைத்த முகக்கவசம் 50, கண்ணாடி போன்ற முகத்தகடு 20, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று, தரையில் ஒட்டும் இடைவெளி வட்டங்கள், மாதம் ஒரு முறை ஆட்கள் வந்து மருந்து தெளித்துவிட்டுப் போகும் சேவை, இவற்றுக்கெல்லாம் மேலாக ‘பாதுகாப்பான பணியிடம்’ என்று அச்சிட்டுச் சட்டமிட்ட சான்றிதழ். மொத்தம் 32,000 ரூபாய், அதாவது எங்கள் கூடத்தின் ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. ஆட்களைக் கூப்பிடுகிறோம், அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில், விலையைப் பற்றி யோசிக்காமல் கொடுத்தேன்.

முதலில் வெப்பமானியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் நம்பியது அதைத்தான். காலை எட்டரை மணிக்கு முகப்பில் நின்று ஒவ்வொருவர் நெற்றியிலும் பிடித்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டும். அவரையே திண்ணை நிழலில் கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தால் 36.4 என்று இறங்கிவிடும். வியர்த்த நெற்றியில் 35 கூடக் காட்டியது. கருவியில் பழுது இல்லை. அது தோலின் மேற்பரப்புச் சூட்டைத்தான் அளக்கிறது. வெயில், காற்று, வியர்வை எல்லாம் அந்த எண்ணை மாற்றிவிடும். வந்தவர்களைக் குறைந்தது 10 நிமிடமாவது நிழலில் இருக்கவைத்து, நெற்றியைத் துடைத்து, கையேட்டில் சொன்ன தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதை விற்றவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் சரியாகப் பிடித்தாலும் அது போதாது என்பதை அக்டோபரில் தெரிந்துகொண்டேன். முறுக்குச் சுற்றுவதில் மூத்தவரான ஓர் அக்காவுக்கு அன்று காலை 36.2 இருந்தது. வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் உளுந்து வறுத்துக்கொண்டிருந்தோம். உளுந்து சிவக்கத் தொடங்கும்போது அந்த வாசம் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு முழுவதும் நிறைந்துவிடும். வாசத்தை வைத்தே இறக்கும் பதத்தைச் சொல்லிவிடக் கூடியவர் அவர். கரண்டியைப் பிடித்தபடி நின்றவர் என்னைப் பார்த்து, “ஆச்சி, பருப்பு வறுபடுது, எனக்கு வாசமே வரலையே” என்றார். மணமும் சுவையும் தெரியாமல் போவதை மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூன் மாதமே நோய்க்குறிகளில் சேர்த்திருந்தது. உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம், தொற்று உறுதியானது. அவரோடு ஒரே வேட்டித் துணியைச் சுற்றி உட்கார்ந்து முறுக்குச் சுற்றிய இருவருக்கும் அடுத்த சில நாள்களில் உறுதியானது. மூவருமே குணமடைந்து திரும்பி வந்தார்கள். மூவரில் ஒருவருக்குக்கூட முகப்பில் காய்ச்சல் காட்டவில்லை.

பின்னால் அந்த அக்கா சொன்னது என்னை இன்றுவரை உறுத்துகிறது. வாசம் போனது அதற்கு இரண்டு நாள் முன்பே. “சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவீங்க, பதினஞ்சு நாள் கூலி போயிருமேன்னு இருந்துட்டேன் ஆச்சி.” ஆறு மாதம் வேலையில்லாமல் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவரிடம் உண்மையைச் சொல் என்று மட்டும் கேட்டு, சொன்னால் கூலி கிடைக்காது என்ற நிலையில் வைத்திருந்தது நான்தான். அன்றே ஒரு முடிவு எடுத்தோம்: சளி, இருமல், காய்ச்சல், உடல்வலி, வாசமின்மை எது இருந்தாலும் வீட்டிலேயே இருக்க வேண்டும், முதல் மூன்று நாளுக்கு முழுக் கூலி, தொற்று உறுதியானால் 14 நாளுக்கும் முழுக் கூலி. வீட்டில் யாருக்காவது தொற்று என்றாலும் அதே விதி. ஏமாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தவர்கள் உண்டு. ஓராண்டில் இந்த வகையில் நான் கொடுத்த தொகை தொகுப்பின் விலையைவிட அதிகம்; ஆனால் தொகுப்பில் உள்ள எந்தப் பொருளும் செய்யாத வேலையை அது செய்தது. தொலைபேசியில் காலை ஏழு மணிக்கே, “தொண்டை கரகரங்குது ஆச்சி, இன்னிக்கு வரலை” என்று சொல்லத் தொடங்கினார்கள். அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் (இஎஸ்ஐ) பதிவு செய்துள்ள இடங்களில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வழி உண்டு. உங்கள் கூடம் அதற்குள் வருமானால் தவறாமல் பயன்படுத்துங்கள்.

கிருமிநாசினித் தாங்கி வாசலுக்கு மட்டும் சரி. பலகார வேலையில் கை எப்போதும் எண்ணெயும் மாவுமாகத்தான் இருக்கும்; பிசுக்குள்ள கையில் கிருமிநாசினி சரிவர வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதைவிட முக்கியம், அதில் பெரும்பகுதி எரிசாராயம். கையில் தேய்த்துக் காயாமல் அடுப்புப் பக்கம் போவது ஆபத்து. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விற்றவர்கள் தாங்கியைக் கொண்டுவந்து வைத்த இடம் அடுப்பங்கரை வாசல்! அன்றைக்கே அதை முகப்புக்கு மாற்றி, இரண்டாங்கட்டில் மூன்று குழாய்களும் சோப்பும் வைத்தோம்.

வால்வு வைத்த முகக்கவசத்தில் போட்டிருப்பவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வந்துவிடுகிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசு 2020 ஜூலையிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. செப்டம்பரில் அதையே எனக்கு விற்றதை எப்படி எடுத்துக்கொள்வது? நாங்கள் மூன்றடுக்குப் பருத்தித் துணியில் உள்ளூர்த் தையற்காரரிடம் தைத்து, ஆளுக்கு ஆறு கொடுத்தோம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கவசம் நனைந்துவிடும். நனைந்ததை மாற்றாமல் போட்டிருக்கச் சொல்வது கொடுமை, பயனும் குறைவு. அதனால் அடுப்பில் நிற்பவரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினோம். முகத்தகடு அடுப்புச் சூட்டில் ஆவி படிந்து பார்வையை மறைத்தது. கொதிக்கும் எண்ணெய்க்கு முன் கண் மறைப்பது எதையும் நான் அனுமதிக்க மாட்டேன். இருபதும் அப்படியே பெட்டியில் கிடக்கின்றன.

மாதாந்தரத் தெளிப்புச் சேவையை மூன்றாம் மாதமே நிறுத்தச் சொன்னேன். முதுகில் தகரப்பெட்டியோடு வந்து சுவர், தூண், கூரை எல்லாவற்றிலும் அடித்துவிட்டுப் போவார்கள். உள்ளறைகளில் இப்படி மருந்து தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்தது. கை படும் இடங்களைத் துணியால் துடைத்தால் போதும். ஒரு முறை உலர்த்தியிருந்த அரிசிமாவில் குளோரின் வாடை ஏறி, இரண்டு மூட்டையையும் கொட்டினோம். அதற்கான இழப்பீடு கேட்டேன், வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே தொகுப்பில் சொல்லப்படாத பொருள் ஒன்று உண்டு: காற்று. மூடிய இடத்தில் மூச்சின் நுண்திவலைகள் தங்கிப் பரவுகின்றன, அவை 10 மீட்டர் வரை போகக்கூடும், கதவு சன்னலைத் திறந்து வையுங்கள், காற்றை வெளியேற்றும் விசிறி மாட்டுங்கள் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் அறிவுறுத்தியது. எங்கள் வட்டாரத்துப் பழைய வீடுகள் இதை வேறு காரணத்துக்காகச் செய்து வைத்தவை. முகப்பு வாசலில் நின்றால் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு கடந்து பின்வாசல் வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவே வானத்துக்குத் திறந்த முற்றம். தூசி வரும், பூனை வரும் என்று நாங்களே பின்கதவைப் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்தோம், முற்றத்துக்கு மேல் தகடு போட்டிருந்தோம். அக்டோபருக்குப் பிறகு கதவைத் திறந்தோம், தகட்டைப் பாதி பிரித்தோம், கதவுகளுக்குக் கொசுவலைச் சட்டம் அடித்தோம், அடுப்பங்கரையில் பெரிய எக்ஸாஸ்ட் விசிறி இரண்டு மாட்டினோம். துணியைச் சுற்றி எதிரெதிரே உட்காரும் பழக்கத்தை நிறுத்தி, வளவுத் தாழ்வாரத்தில் தூணுக்கு ஒருவராக, எல்லோரும் முற்றத்தைப் பார்த்தபடி உட்காரவைத்தோம். முதல் வாரம், பேச்சுத்துணை போய்விட்டதே என்று எல்லோருக்கும் வருத்தம். கிரைண்டர் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்ததால் அதையும் கொல்லைப்பக்கக் கொட்டகைக்கு மாற்றினோம். உரத்துப் பேசும்போது மூச்சோடு வெளியேறுவதும் அதிகம்.

சாப்பாட்டு நேரம்தான் கடினமாக இருந்தது. காலை முழுவதும் கவசம் போட்டிருப்பவர்கள் மதியம் அதைக் கழற்றிவிட்டுத் தூக்குச்சட்டிகளை நடுவில் வைத்து, குழம்பு மாற்றிக்கொண்டு உண்பார்கள். அந்த உறவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொன்னேன். அதன் பிறகு நான்கு பேராகக் கொல்லையில் வேப்பமரத்தடியில், தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலைக்கு வரும் ஷேர் ஆட்டோவிலும் எட்டுப் பேருக்குப் பதில் நான்கு பேர். மிச்சக் கட்டணம் கூடத்தின் கணக்கில். தரையில் ஒட்டிய இடைவெளி வட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த இரண்டையும் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

தொகுப்பில் முழு மனதோடு பாராட்டக்கூடியது பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றே. விரல் நுனியில் மாட்டி, அசையாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தாலும் விரல் குளிர்ந்திருந்தாலும் தவறாகக் காட்டும். 2021 மே மாதம் கடைகளில் இது கிடைக்காமல் தவித்தபோது எங்களிடம் இருந்த ஒன்று ஊர் ஊராகப் போய்வந்தது. எங்கள் கூடத்துப் பெண் ஒருவரின் கணவருக்கு மூச்சுத்திணறல் எதுவும் தெரியவில்லை, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்; கருவி 91 காட்டியது. 94-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் இரவே 108-ஐ அழைத்துச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாளில் வீடு திரும்பினார். அதன் பிறகு இன்னும் இரண்டு வாங்கினேன்.

2021 செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த மாநிலம் தழுவிய தடுப்பூசி முகாமில், தயங்கிக்கொண்டிருந்த கடைசி மூன்று பேரும் முதல் தவணை போட்டுக்கொண்டார்கள். அன்றும் மறுநாளும் கூலியோடு விடுப்பு. மற்றவர்களில் பதினொருவருக்கு இரண்டு தவணையும் முடிந்துவிட்டது. அதனால் கதவைச் சாத்திவிடலாம் என்று நான் நினைக்கவில்லை.

அதே மாதம் தொகுப்பை விற்ற நிறுவனத்தின் ஆள் புதுப்பிக்கச் சொல்லி வந்தார். விலை 35,000, புதிய சான்றிதழ் உண்டு என்றார். வால்வு இல்லாத முகக்கவசமும் ஆக்சிமீட்டரும் மட்டும் தாருங்கள், மற்றவை வேண்டாம் என்றேன். தொகுப்பைப் பிரித்துத் தர மாட்டார்களாம். நான் புதுப்பிக்கவில்லை, அந்தப் பணத்தில் அந்த ஆண்டு தீபாவளிவரைக்கும் ஆட்டோக் கட்டணமும், அடுப்பங்கரைக்கு இன்னொரு விசிறியும் வரும் என்று கணக்கிட்டேன். நீங்களும் பலகாரக் கூடமோ, தறிக்கூடமோ, ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் வார்க்கும் கூடமோ நடத்துபவராக இருந்தால், ஆக்சிமீட்டரைத் தனியாக மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகுப்புக்கு ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றுக்கு மேல் என்னால் தர இயலாது, அந்த ஒன்றும் ஆக்சிமீட்டருக்காகத்தான்.