வேலோஸ்: பின் டெக்கில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

2016-ல் எங்கள் டேங்கர் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் நின்றபோது எனக்கு ஒரு பகல் ஷோர் லீவு கிடைத்தது. கூட வந்த தேர்டு மேட், எங்கள் கப்பலின் இளைய அதிகாரி, அக்ரோபோலிஸ் போகலாம் என்றான். "நீ போயிட்டு வா தம்பி, நான் ஒரு பழைய டெஸ்ட்ராயரைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு பாலையோ ஃபாலிரோவுக்குப் போனேன். அங்கே 1910-ல் நீரில் இறங்கிய அவெரோஃப் என்ற பழைய போர்க்கப்பல் கம்பீரமாக நிற்கிறது. போகிறவர்கள் முதலில் அதில்தான் ஏறுகிறார்கள். எனக்கு வேண்டியது பக்கத்தில் நின்ற ஒல்லியான சாம்பல் நிற டெஸ்ட்ராயர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல், வேலோஸ். தமிழ்க் காதில் வேல் என்று விழும் இந்தச் சொல்லுக்கு கிரேக்கத்தில் அம்பு என்று பொருள்.

கேங்வே ஏறி உள்ளே போனதும் முதலில் காலுக்குத் தட்டுப்படுவது கதவுகளின் உயரமான இரும்புப் படிதான். ஒரு படியைக் கையால் தடவிப் பார்த்தேன். பல வருஷத்துப் பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. அந்தப் பெயிண்டுக்கு அடியில் இருப்பது அமெரிக்க இரும்பு. 1942-ல் பாஸ்டன் கடற்படைத் தளத்தில் கட்டி நீரில் இறக்கியபோது இதன் பெயர் சாரெட். மொத்தம் 175 கப்பல்கள் கட்டப்பட்ட ஃப்ளெட்சர் வகையில் இதுவும் ஒன்று. நீளம் கிட்டத்தட்ட 115 மீட்டர், அகலம் 12 மீட்டர்தான். நான்கு பாய்லர், 60,000 குதிரைசக்தி.

என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வகையின் அமைப்பில் எனக்குத் தனிப் பிரியம். பாய்லர் அறை, டர்பைன் அறை, மறுபடி பாய்லர் அறை, மறுபடி டர்பைன் அறை என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபாதி ஓடும். இரண்டு புகைபோக்கிகளும் அவ்வளவு தள்ளி நிற்பதன் காரணம் அதுதான். வெளியில் நின்று பார்க்கும்போதே இது புரிந்துவிடும்.

அமெரிக்கக் கொடியின்கீழ் இது பசிபிக்கில் போரிட்டது. அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது 1945 ஆகஸ்ட் 3. இந்தோனேசியாவை ஒட்டிய பாண்டா கடலில் தச்சிபானா மாரு என்ற ஜப்பானிய மருத்துவக் கப்பலை சாரெட்டும் கான்னர் என்ற இன்னொரு டெஸ்ட்ராயரும் மறித்துச் சோதனை போட்டன. நோயாளி வேஷத்தில் சுமார் 1,500 சிப்பாய்கள், கூடவே ஆயுதங்கள். கப்பலைப் பிடித்து மொரோட்டாய்த் தீவுக்குக் கொண்டு போனார்கள்.

போர் முடிந்து 1947-ல் ஓய்வுக்கு அனுப்பிய கப்பலை 1959-ல் அமெரிக்கா கிரேக்கத்துக்குக் கொடுத்தது. நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் கூட்டாளிகளுக்கு இப்படிப் பழைய டெஸ்ட்ராயர்களைக் கொடுப்பது அன்றைக்கு வழக்கம். பெயர் மாறியது, கொடி மாறியது, எண் டி-16 ஆனது.

அப்புறம் நேராகப் பின் டெக்குக்குப் போனேன். நான் வந்ததே அதற்காகத்தான்.

1973 மே 25. கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி. வேலோஸ் நேட்டோ பயிற்சியில் இத்தாலிக்கும் சார்டினியாத் தீவுக்கும் நடுவே இருந்தது. ஊரில் சக கடற்படை அதிகாரிகளைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற செய்தி ரேடியோவில் வந்தது. கேப்டன் நிக்கோலாஸ் பாப்பாஸ் ஆட்களைப் பின் டெக்கில் கூட்டி, நாடு திரும்பப் போவதில்லை என்று அறிவித்தார். நேட்டோ ஒப்பந்தத்தின் முகப்பிலேயே ஜனநாயகமும் தனிமனித சுதந்திரமும் இருக்கின்றன என்பதை அந்த நேட்டோவுக்கே செய்தியாக அனுப்பினார். கப்பல் ரோம் நகருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஃபியுமிசினோவுக்கு வெளியே ஆங்கர் போட்டது. மூன்று இளம் அதிகாரிகள் படகில் கரைக்குப் போய், விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு போன் செய்தார்கள்.

கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பின்னால் போகத் தயாராக இருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து வரும் என்று பாப்பாஸ்தான் தடுத்தார். கடைசியில் 31 பேர் இத்தாலியில் தஞ்சம் கேட்டு இறங்கினார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். ஒரு கேப்டன் தன் ஆட்களைப் பற்றி இப்படி யோசித்தது எனக்கு அந்த அறிவிப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கடலில் பல கேப்டன்களிடம் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன்.

அந்த டெக் ரொம்பச் சின்ன இடம். பீரங்கிக்கும் கம்பி வேலிக்கும் நடுவே ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நின்றிருக்க முடியும். அவர் முகத்தை எல்லோரும் கிட்டத்தில் பார்த்திருப்பார்கள். படித்தபோது தெரியாத இது, அங்கே நின்றபோது தெரிந்தது.

1974-ல் அந்த ஆட்சி விழுந்தது. பாப்பாஸ் பின்னால் கிரேக்கக் கடற்படைக்கே தலைவரானார். வேலோஸ் 1991-ல் ஓய்வு பெற்று, சர்வாதிகார எதிர்ப்பின் நினைவாக அருங்காட்சியகக் கப்பலானது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 2019-ல் கப்பலைத் தெசலோனிக்கிக்கு இழுத்துப் போனார்கள், அதனால் எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏணிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் டெக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை. வழுக்காத ஷூ போடுங்கள். மாலை நான் திரும்பியபோது தேர்டு மேட் போட்டோக்களைக் கேட்டான். பின் டெக்கின் வெறும் தரையைத்தான் நாலைந்து தடவை எடுத்திருந்தேன். அதைக் காட்டிக் கதையைச் சொன்னேன். மறுநாள் கப்பல் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.